மன்திக் ஹராமா? ஒரு வொய்ஸ் மெசேஜும் ஆயிரம் வருடக் கதையும்



பதிவு நீளம். பிளேன்டீ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இடையில் விட்டுவிட்டு "சேர் மன்திக் வாஜிப் என்கிறார்" என்று யாரும் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அப்படி நான் சொல்லவில்லை.

போன கிழமை உயர்தர மாணவி ஒருவரின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். நல்ல மனிதர், ஊரில் எல்லோருக்கும் உதவுபவர். "சேர், மகள்ட பாடத்த மாத்தணும். லொஜிக் வேணாம்" என்றார். ஏன் நானா என்று கேட்டேன். "மன்திக் படிக்கிறது ஹராம் எண்டு வொய்ஸ் ஒண்டு வந்திருக்கி. பெரிய பெரிய இமாம்மார்ட பேரெல்லாம் சொல்றாங்க" என்றார். போனை எடுத்துப் போட்டும் காட்டினார். கேட்டேன். அதில் சொல்லப்பட்ட பெயர்கள் பொய்யல்ல. இப்னுஸ் ஸலாஹ், நவவி, இப்னு தைமிய்யா, ஸுயூத்தி. எல்லோரும் மன்திக்கை எதிர்த்தவர்கள்தான்.

ஆகவே "அதெல்லாம் சும்மா கதை" என்று அந்த நானாவைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பாடமாற்றப் படிவத்தைக் கையில் கொடுத்து, ஒரு கிழமை தாருங்கள், எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது. அவருக்கு மட்டும் அனுப்பாமல் இங்கே போடுவதற்குக் காரணம், அந்த வொய்ஸ் அவருக்கு மட்டும் வரவில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று நாம் படிப்பிக்கும் பாடத்தின் முதல் பாதியும், அரபுக் கல்லூரிகளில் ஈஸாகூஜி என்ற சின்னக் கிதாபில் ஓதும் மன்திக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நாம் எடுப்பு என்பதை அவர்கள் கழிய்யா என்பார்கள். எடுகூற்று அவர்களுக்கு முகத்திமா. முடிவு நதீஜா. மத்திய பதம் ஹத்துல் அவ்ஸத். நியாயத்தொடை கியாஸ். சிலவேளை ஒரே வீட்டில் நானா அரபுக் கல்லூரியிலும் தங்கச்சி பாடசாலையிலும் ஒரே விஷயத்தை இரண்டு பெயரில் மனனம் செய்துகொண்டிருப்பார்கள். ஒருவர் மற்றவரைக் கேட்பதில்லை. 'அளவை' என்ற சொல்லும் நேற்று வந்ததல்ல. மணிமேகலை அளவை பற்றியும், அனுமானம் எங்கே பிழைக்கும் என்பது பற்றியும் விரிவாகப் பேசும் நூல். அது பௌத்தர்களின் அளவையியல், வேறு மரபு. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

நம் கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. அரிஸ்டோட்டில், கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்தவர். அவருக்கு முன்னும் மனிதர்கள் வாதாடினார்கள், நன்றாகவே வாதாடினார்கள். அவர் செய்தது என்னவென்றால், வாதத்தில் பேசப்படும் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு அதன் எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தது. மனிதன், குதிரை என்ற பெயர்களுக்குப் பதில் எழுத்துக்களைப் போட்டார். எல்லா 'அ'வும் 'ஆ', எல்லா 'ஆ'வும் 'இ', ஆகவே எல்லா 'அ'வும் 'இ'. அ, ஆ, இ எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் இரண்டும் உண்மையானால் மூன்றாவது உண்மையாகியே தீரும். இதைத்தான் வாய்ப்பான வாதம் என்கிறோம். என் மாணவர்கள் எப்போதும் தடுமாறும் இடம் இதுதான்: வாய்ப்பு வேறு, உண்மை வேறு. "எல்லா மீன்களும் பறக்கும், சுறா மீன், ஆகவே சுறா பறக்கும்" என்பது வாய்ப்பான வாதம். பிழை முதல் எடுகூற்றில் இருக்கிறது, வடிவத்தில் இல்லை.

அரிஸ்டோட்டிலின் அளவை நூல்களைப் பிற்காலத்தவர் ஒன்றாகக் கட்டி ஓர்கனோன் என்று பெயர் வைத்தார்கள். கருவி என்று அர்த்தம். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வையுங்கள். அது கருவியா, இல்லை ஒரு கொள்கையா என்பதுதான் பின்னால் நம் உலமாக்களுக்கிடையில் நடந்த முழுச் சண்டையும்.

அந்த நூல்கள் பக்தாதுக்கு நேராக வரவில்லை. சுரியானி மொழி பேசிய கிறிஸ்தவர்கள் தங்கள் மடங்களிலும் பள்ளிகளிலும் பல தலைமுறைகளாகப் படித்து வைத்திருந்தார்கள். அப்பாஸியர் காலத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், அவரது மகன் இஸ்ஹாக் போன்றவர்கள் கிரேக்கத்திலிருந்தும் சுரியானியிலிருந்தும் அரபுக்குக் கொண்டுவந்தார்கள். இவர்கள் கிறிஸ்தவர்கள். கூலி கொடுத்தவர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்களும் செல்வந்தர்களும். ஆக, அந்தக் காலத்து பக்தாதில் மன்திக் என்றால் 'அவங்கட படிப்பு' என்ற எண்ணம் மக்களிடம் இருந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த எண்ணம் ஒருநாள் சபையில் வெடித்தது. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, வஸீர் இப்னுல் புராத்தின் மஜ்லிஸ். ஒரு பக்கம் மத்தா இப்னு யூனுஸ், கிறிஸ்தவர், பக்தாதின் பெரிய மன்திக் ஆசிரியர். மறுபக்கம் அபூ ஸயீத் அஸ்-ஸீராபி, நஹ்வு இலக்கணத்தில் பெயர்போனவர், வயதில் இளையவர். மன்திக் இல்லாமல் சரியையும் பிழையையும் பிரிக்க முடியாது என்றார் மத்தா. அதற்கு ஸீராபி, நீங்கள் மன்திக் என்று சொல்வது கிரேக்க மொழியின் இலக்கணம், அரபு பேசுகிறவனுக்கு அது எதற்கு என்று திருப்பினார். பிறகு ஒரு பொறி வைத்தார். 'ஸைத் சகோதரர்களில் சிறந்தவர்' என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றார் மத்தா. 'ஸைத் தன் சகோதரர்களில் சிறந்தவர்' என்று? அதுவும் சரி என்றார் மத்தா. மாட்டிக்கொண்டார். ஏனென்றால் ஸைத், தன் சகோதரர்களில் ஒருவர் அல்ல! உங்கள் சகோதரர்களை எண்ணச் சொன்னால் உங்களையும் சேர்த்தா எண்ணுவீர்கள்? இந்தப் பொறி தமிழிலும் அப்படியே வேலை செய்கிறது. வகுப்பில் போட்டுப் பார்த்தேன், இரண்டு பேரைத் தவிர எல்லோரும் மத்தாவோடு விழுந்தார்கள்.

அந்த விவாதத்தில் ஸீராபி வென்றார் என்றே எழுதப்பட்டிருக்கிறது. எழுதி வைத்தவர்கள் அவர் பக்கத்து ஆட்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரு மொழியில் பிறந்த விதி எல்லா மொழிக்கும் பொருந்துமா? இதற்குப் பதில் சொன்னவர் அல்-பாராபி, 950இல் மௌத்தானவர். இலக்கணம் ஒரு சமூகத்தின் சொற்களுக்கு விதி சொல்கிறது, மன்திக் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான சிந்தனைக்கு விதி சொல்கிறது என்று பிரித்துக் காட்டினார். அவர் இப்னுஸ் ஸர்ராஜ் என்ற நஹ்வு அறிஞரிடம் இலக்கணம் படித்தார், இப்னுஸ் ஸர்ராஜ் அவரிடம் மன்திக் படித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மஜ்லிஸில் சண்டை பிடிப்பதை விட இது எனக்குப் பிடித்த முறை.

பாராபிக்குப் பின் இப்னு ஸீனா, 980 முதல் 1037 வரை. இவருக்குப் பிறகு நம் பக்கத்தில் அரிஸ்டோட்டிலின் நூலை நேரே எடுத்துப் படிப்பதே குறைந்துவிட்டது. எல்லோரும் இப்னு ஸீனாவைத்தான் விரித்தும் மறுத்தும் எழுதினார்கள். 'எப்போதும்', 'சிலவேளை', 'இருக்கும் வரை' என்ற காலச் சொற்கள் ஓர் எடுப்பை எப்படி மாற்றுகின்றன என்று அவர் செய்த வேலை மிகக் கடினமானது. நான் முழுவதும் விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பாடத்திட்டத்திலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது இமாம் கஸ்ஸாலி (ரஹ்). 1058 முதல் 1111 வரை. தத்துவஞானிகளைக் கண்டித்துத் தஹாபுத் எழுதியவர். மன்திக்கும் தத்துவத்தோடு சேர்ந்து வந்த சரக்குத்தானே, அதையும் தூக்கி எறிந்திருப்பார் என்று நினைப்போம். அவர் செய்தது அதற்கு நேர்மாறு. உஸூலுல் பிக்ஹில் அவர் எழுதிய பெரிய நூலான முஸ்தஸ்பாவின் தொடக்கத்திலேயே மன்திக்கை வைத்தார். இது தெரியாதவரின் அறிவில் நம்பிக்கை வைக்க முடியாது என்ற கருத்தையும் அங்கே சொன்னார். அல்-கிஸ்தாஸுல் முஸ்தகீம் என்ற இன்னொரு நூலில், வாத வடிவங்கள் குர்ஆனுக்குள்ளேயே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நம்ரூதிடம் இப்ராஹீம் (அலை) சூரியனை மேற்கிலிருந்து கொண்டுவரச் சொன்ன இடம், அவருக்கு முதலாம் உருவின் எடுத்துக்காட்டு. வானத்திலும் பூமியிலும் அல்லாஹ்வையன்றி வேறு கடவுளர் இருந்திருந்தால் அவை சீரழிந்திருக்கும் என்ற கருத்துள்ள அல்-அன்பியா வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருந்திருந்தால் சீரழிந்திருக்கும், சீரழியவில்லை, ஆகவே இல்லை. இதே வடிவத்தைத்தான் பின்விளைவை மறுத்து முன்னடையை மறுத்தல் என்று கரும்பலகையில் எழுதுகிறோம்.

ஆனால் அந்த நானாவுக்கு நான் காட்ட விரும்பியது அவரது முன்கித் நூலில் உள்ள ஓரிடத்தை. மன்திக்கில் மார்க்கத்துக்கு எதிராக என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, கஸ்ஸாலி ஒரு விதியை எடுத்துப் போடுகிறார். எல்லா 'அலிப்'பும் 'பா' என்றால், சில 'பா' 'அலிப்' என்று ஆகும். அதாவது எல்லா மனிதரும் உயிரினம் என்றால், சில உயிரினம் மனிதர். இதற்கும் தீனின் முக்கிய விஷயங்களுக்கும் என்ன சம்பந்தம், இதை எதற்கு மறுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. மறுத்தால் நடப்பது ஒன்றுதான்: அதைத் தெரிந்தவர்கள் மறுத்தவரின் புத்தியைக் குறைவாக நினைப்பார்கள், பிறகு அவர் மார்க்கத்தையும் குறைவாக நினைப்பார்கள். அதே இடத்தில் மன்திக்காரர்களையும் அவர் விடவில்லை. கணக்குப்போல் தெளிவான இந்தப் பகுதியைப் பார்த்து மயங்கி, இறைவனைப் பற்றித் தத்துவஞானிகள் சொன்னதும் இப்படித்தான் நிறுவப்பட்டது என்று நம்பிவிடுகிறார்கள் என்றார். இரண்டு பக்கமும் அடி.

இந்த அலிப்-பா விதியில் கொஞ்சம் நிற்கிறேன். பரீட்சையில் இரண்டு புள்ளிக்கு வரும் சின்ன விஷயம். நிறை விதி எடுப்பை மாற்றும்போது குறை விதியாகத்தான் மாற்றலாம். 'எல்லா' என்பதை 'எல்லா' என்றே திருப்ப முடியாது. எல்லா மனிதரும் உயிரினம் என்பதிலிருந்து எல்லா உயிரினமும் மனிதர் என்று வராது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தொழப்போன மக்களுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. அதற்குப் பிறகு நாட்டில் என்ன நடந்தது? 'வைத்தவர்கள் எல்லாம் முஸ்லிம்கள்' என்ற எடுப்பு ஒரே இரவில் திருப்பப்பட்டது. 'சில முஸ்லிம்கள்' என்று மட்டும்தான் திருப்பலாம். 'எல்லா முஸ்லிம்களும்' என்று திருப்பினார்கள். மே மாதம் குருநாகல் பக்கமும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் வீடுகளும் தாக்கப்பட்டபோது, தாக்கியவர்கள் மனதில் இருந்த எடுப்பு அதுதான். எங்களில் எத்தனையோ பேர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆள் உட்காராமல் பயணம் செய்தோம். நானும் செய்தேன். கண்டி வீதியில் ஒரு மணித்தியாலம், பக்கத்து சீட் காலி, ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது கஸ்ஸாலியின் அலிப்-பாதான்.

நாம் மட்டும் என்ன திறமா? 2018 மார்ச்சில் திகனவில் எரித்தவர்கள் சிங்களவர்கள் என்றதும், நம் குரூப்புகளில் 'சிங்களவன் எல்லாம் இப்படித்தான்' என்று ஓடியதை நான் வாசித்தேன். அதே பிழை, அதே வடிவம், பதங்கள்தான் வேறு. அந்த நேரம் சிங்கள அயலவர்களும் பிக்குமாரும் பள்ளிவாசலுக்குக் காவல் நின்ற ஊர்களும் இருந்தன. 'எல்லா' என்ற சொல்லை உடைக்க எதிருதாரணம் ஒன்று போதும். நம்மிடம் நிறைய இருந்தன.

சரி, எதிர்த்த இமாம்களிடம் வருவோம். அவர்களை ஒதுக்கிவிட்டுப் போனால் இந்தப் பதிவு நேர்மையற்றதாகிவிடும்.

இப்னுஸ் ஸலாஹ், 1245இல் வபாத்தானவர். டமஸ்கஸில் ஹதீஸ் கலையின் பெரிய ஆசிரியர், ஷாபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவர். அவரது பத்வா கடுமையானது. தத்துவம் கேட்டின் அடித்தளம், மன்திக் அதற்கான நுழைவாயில், கேட்டின் வாயிலும் கேடுதான். ஷரீஅத்துக்கு அது தேவையில்லை. அதைப் படிப்பிப்பவர்களை மத்ரஸாக்களிலிருந்து ஆட்சியாளர் வெளியேற்ற வேண்டும் என்ற கருத்துப்பட எழுதினார். இமாம் நவவியும் இந்தப் பக்கம்தான்.

இங்கே ஒரு சம்பவம் நூல்களில் வருகிறது. மோஸுல் நகரில் கமாலுத்தீன் இப்னு யூனுஸ் என்றொரு ஷாபிஈ ஃபகீஹ் இருந்தார். பிக்ஹ், கணிதம், வானியல், மன்திக் எல்லாம் தெரிந்தவர். யூதரும் கிறிஸ்தவரும் தங்கள் வேதங்களைக்கூட அவரிடம் வந்து விளக்கம் கேட்பார்களாம். இளவயதில் இப்னுஸ் ஸலாஹ் அவரிடம் மறைவாக மன்திக் படிக்க வந்தார். எவ்வளவு காலம் முயன்றும் ஏறவில்லை. கடைசியில் ஆசிரியர் சொன்னார்: மக்கள் உன்னை நல்லவன் என்று நினைக்கிறார்கள், இந்தப் படிப்புக்காரனைப் பற்றி வேறுமாதிரி நினைப்பார்கள், இது கிடைக்காமல் அதையும் இழந்துவிடாதே, விட்டுவிடு. மாணவர் விட்டுவிட்டார்.

அதே ஆசிரியரிடம் கிதாபைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து படித்த இன்னொருவர் அஸீருத்தீன் அல்-அப்ஹரி. ஏறத்தாழ 1265இல் வபாத்தானவர். ஈஸாகூஜி எழுதியது இவர்தான்! 'அறிமுகம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. பொர்பிரி என்ற பழைய கிரேக்கரின் நூற்பெயரை எடுத்துத் தன் சிறு கைநூலுக்கு வைத்தார். துருக்கியிலும் அஸ்ஹரிலும் இந்தியாவிலும் நூற்றுக்கணக்கான வருடங்கள் மாணவர்களின் முதல் மன்திக் நூல் அதுவாக இருந்தது. ஒரே ஆசிரியரின் பாயில் இருந்து மன்திக்கின் பிரபல எதிரியும், மன்திக்கின் பிரபல பாலபாடத்தை எழுதியவரும் எழுந்து போயிருக்கிறார்கள். இதை வைத்து 'விளங்காததால்தான் எதிர்த்தார்' என்று யாராவது கொமென்ட் போட வேண்டாம். ஒருவருக்கு ஒரு பாடம் ஏறவில்லை என்பதால் அந்தப் பாடம் பற்றி அவர் சொன்னது பிழையாகிவிடாது. ஆளைப் பார்த்து வாதத்தைத் தள்ளுவதும் பாடப்புத்தகத்தில் உள்ள போலிதான்.

இப்னு தைமிய்யாவின் நிலை வேறு. 1263 முதல் 1328 வரை. அவர் மன்திக்காரர்களின் நூல்களை வரிவரியாகப் படித்தார், பிறகு பெரிய மறுப்பு நூல் எழுதினார். அவரது வாதத்தில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 'எல்லா மனிதரும் இறப்பவர், ஸைத் மனிதர், ஆகவே ஸைத் இறப்பவர்' என்கிறீர்கள். 'எல்லா மனிதரும் இறப்பவர்' என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? இவர் இறந்தார், அவர் இறந்தார் என்று தனித்தனியே பார்த்துத்தானே? அப்படியானால் அறிவு தனிப்பொருள்களிலிருந்து வருகிறது, உங்கள் நியாயத்தொடையிலிருந்து வரவில்லையே! 1843இல் ஜோன் ஸ்டூவர்ட் மில் இங்கிலாந்தில் இதற்கு நெருங்கிய விமர்சனத்தை எழுதினார். பாடத்தில் தொகுத்தறி என்று தனிப் பகுதி வைத்திருப்பதே இந்தக் கேள்வியின் கனத்தால்தான். அதாவது மன்திக்கைக் கண்டித்தவரும் அளவையியலுக்குத்தான் ஒரு பாடம் எழுதிக் கொடுத்தார். புத்திசாலிக்கு மன்திக் தேவையில்லை, மந்தனுக்கு அதனால் பயனில்லை என்பதும் அவரது பிரபலமான கருத்து. இத்தனை வருடம் விடைத்தாள் திருத்திய எனக்கு, சில இரவுகளில் அதில் பாதி சரி என்றுதான் படுகிறது.

அப்படியானால் ஷாபிஈகளாகிய நம் பக்கத்தில் முடிவு என்ன ஆனது? எதிர்ப்பு வென்றிருந்தால் மன்திக் மத்ரஸாக்களிலிருந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. தகிய்யுத்தீன் அஸ்-ஸுப்கி மன்திக்கை வாளுக்கு ஒப்பிட்டார். ஒருவர் அதனால் அறப்போர் செய்வார், இன்னொருவர் வழிப்பறி செய்வார் என்பது அவர் கருத்து. ஸகரிய்யா அல்-அன்ஸாரி, 1520இல் வபாத்தான பெரிய ஷாபிஈ இமாம், ஈஸாகூஜிக்கே விளக்கவுரை எழுதினார். அவரது மாணவர் இப்னு ஹஜர் அல்-ஹைதமி. அவரிடம் படித்தவர்தான் மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம், நம் அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படும் பத்ஹுல் முஈனின் ஆசிரியர். நம் ஊர் ஹஸ்ரத்மார் கையில் இருக்கும் பிக்ஹ் கிதாபின் ஆசிரியப் பரம்பரையில் இரண்டு படி மேலே போனால் மன்திக் கிதாபுக்கு ஷரஹ் எழுதியவர் உட்கார்ந்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவின் அக்ழரி, மன்திக்கைப் பாட்டாக எழுதிய தன் ஸுல்லமில் மூன்று கருத்துகளையும் பதிவு செய்தார். இப்னுஸ் ஸலாஹும் நவவியும் தடுத்தார்கள், சிலர் படிக்கவே வேண்டும் என்றார்கள், பிரபலமான சரியான கருத்து, குர்ஆன் ஸுன்னாவில் பழகிய தெளிந்த புத்தியுள்ளவருக்கு ஆகும் என்பது. வொய்ஸில் வந்தது இந்த மூன்றில் ஒன்று மட்டும். தடுத்தவர்கள் முக்கியமாகப் பயந்தது தத்துவக் கொள்கைகளோடு கலந்து வந்த மன்திக்கை என்பதைப் பின்வந்த உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். என் மாணவி படிப்பது இடமாற்ற விதியும் உண்மை அட்டவணையும்.

உண்மை அட்டவணை என்றதும் கதை ஐரோப்பாவுக்குப் போகிறது. போகிற வழியில் ஒரு சிரிப்பு. கஸ்ஸாலி தத்துவஞானிகளின் கருத்துகளை முதலில் நடுநிலையாகச் சுருக்கி மகாஸித் என்ற நூலை எழுதியிருந்தார். 12ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் அதை லத்தீனில் பெயர்த்தார்கள். மறுப்பு நூலான தஹாபுத் அப்போது அவர்கள் கைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கஸ்ஸாலி இப்னு ஸீனாவின் விசுவாசமான சீடர் என்று பல லத்தீன் அறிஞர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாதி வொய்ஸைக் கேட்டுவிட்டு ஆளை முடிவு செய்யும் பழக்கம் நம் காலத்தில் தொடங்கியதல்ல.

அதன்பின் பல நூற்றாண்டுகள் பழைய பாடம்தான் ஓடியது. 1847இல் இரண்டு பேர் ஒரே ஆண்டில் புத்தகம் போட்டார்கள். ஒருவர் ஜோர்ஜ் பூல். செருப்புத் தைப்பவரின் மகன், பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, 19 வயதில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் திறந்த வாத்தியார். நம்மாள். மற்றவர் அகஸ்டஸ் டி மோர்கன். அவர் பிறந்த ஊர் மதுரை! 1806இல் கம்பனி இராணுவ அதிகாரி ஒருவரின் மகனாக அங்கே பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போனவர். மதச் சத்தியம் ஒன்றில் கையொப்பமிட மறுத்ததால் கேம்பிரிட்ஜில் மேற்பட்டமும் பதவியும் இல்லாமல், மத நிபந்தனை கேட்காத புதிய லண்டன் கல்லூரியில் 1828இல் பேராசிரியரானார்.

டி மோர்கனின் விதி இல்லாமல் குறியீட்டு அளவையியலில் ஒரு பக்கம் நகர முடியாது. 'அவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும் என்பது பொய்' என்றால் என்ன அர்த்தம்? இரண்டும் தெரியாது என்று அர்த்தமில்லை. ஒன்றாவது தெரியாது என்றுதான் அர்த்தம். 'உம்' என்பதை மறுத்தால் 'அல்லது' ஆகும். பள்ளி நிர்வாகக் கூட்டங்களில் இதைச் சொல்லித்தர எனக்கு நீண்ட நாள் ஆசை.

பூல் செய்தது வாதத்தைக் கணக்காக்கியது. 1 என்றால் எல்லாம், 0 என்றால் ஒன்றுமில்லை, 'உம்' என்பதற்குப் பெருக்கல். வெள்ளையானவற்றில் வெள்ளையானவற்றை எடுத்தால் வெள்ளையானவையே வரும், ஆகவே அந்தக் கணக்கில் ஒன்றைத் தன்னாலேயே பெருக்கினாலும் அதுவேதான். இந்தக் கணக்கைக் கிட்டத்தட்ட 90 வருடம் கழித்து, 1937இல், குளோட் ஷனன் என்ற மாணவர் மின்சார ஆளிகளுக்குப் பொருத்திக் காட்டினார். அந்த நானாவின் போனில் வொய்ஸ் ஓடுவதும் பூலின் கணக்கில்தான்.

1879இல் ஜெர்மனியின் யேனா நகரில் பிரேகே இன்னும் ஆழமாகப் போனார். 'ஒவ்வொரு மாணவரும் ஒரு புத்தகத்தை வாசித்தார்' என்ற வசனத்தைப் பாருங்கள். எல்லோரும் ஒரே புத்தகத்தையா, ஆளுக்கொன்றா? பழைய அளவையியலால் இந்த இரண்டையும் பிரித்து எழுத முடியாது. பிரேகேயின் குறியீட்டால் முடியும். புதிய முறையில் இன்னொரு மாற்றமும் வந்தது. 'எல்லா அலிப்பும் பா' என்பதற்கு அலிப் என்று ஒன்று இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. என் வகுப்பில் உள்ள எல்லா யானைகளும் நீல நிறம் என்றால் குறியீட்டு அளவையியலில் அது உண்மை, ஏனென்றால் யானையே இல்லை! அதனால் 'சில பா அலிப்' என்று திருப்புவதற்குக்கூட, அலிப் இருக்கிறது என்று முதலில் தனியே சொல்ல வேண்டும். கஸ்ஸாலியின் எடுத்துக்காட்டில் மனிதர் இருப்பதால் அவருக்குப் பிரச்சினை இல்லை. பரீட்சையில் எந்த முறையில் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் எழுதினால் உங்களுக்குப் பிரச்சினை.

பிரேகேயைப் பற்றி ஒன்றை மறைக்கக்கூடாது. 1924இல் அவர் எழுதிய நாட்குறிப்பில் யூதர்களுக்கு எதிரான வெறுப்பு வெளிப்படையாக இருக்கிறது. 'எல்லா', 'சில' என்ற சொற்களின் அளவைப் புதிதாக வகுத்துக் கொடுத்த மனிதர், தன் அயலவர்கள் விஷயத்தில் அதே சொற்களை விட்டுவிட்டார். அளவையியல் படித்தால் ஆள் நல்லவராகிவிடுவார் என்று பெற்றோருக்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை. கஸ்ஸாலியும் கொடுக்கவில்லை.

நானாவுக்கு: பாடமாற்றப் படிவம் கொடுக்க வரும் வெள்ளிக்கிழமை வரை நாள் இருக்கிறது. ஹஸ்ரத்திடமும் கேளுங்கள், என்னை மட்டும் நம்ப வேண்டாம். என்ன முடிவு எடுத்தாலும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாடம் அவருடையது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாப்பா, அப்பா காலத்து ஈஸாகூஜி அல்லது ஸுல்லம் பிரதி யார் வீட்டு அலுமாரியிலாவது இருந்தால், ஓரத்தில் குறிப்பு எழுதிய பழைய பிரதியானால் இன்னும் நல்லது, இரண்டு நாளைக்கு இரவல் தாருங்கள். நிழற்பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அரபு வாசிக்கும் பிள்ளைகள் வகுப்பில் மூன்று பேர் இருக்கிறார்கள், பாடப்புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள் பார்க்க வேண்டும்.